சட்டைக்காரர்களின் வக்கீல்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரோட்டில் இருக்கிறது அரவேணு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். சரிவுகளில் படகர்களின் ஹட்டிகள். காலையில் பனி விலகினால் கீழே சமவெளி தெரியும்.

இந்தப் பக்கத்து மலையில் வீடு கட்டிக் குடியேறிய முதல் வெள்ளைக்காரர் என்று பெயர் பெற்றவர், கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். 1819-ல் அவர் மலை ஏறி வந்தார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவருடைய பங்களா இன்றும் நிற்கிறது. மனைவியையும் ஒரு மகளையும் ஊட்டி மாதா கோவில் தோட்டத்தில் புதைத்துவிட்டு, 1841-ல் அவர் கப்பல் ஏறினார். இங்கிலாந்திலேயே காலமானார்.

சல்லிவனுக்கு எது சொந்த ஊர் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. வேலைக்கு வந்தார். வேலை முடிந்தது. போய்விட்டார்.

ஆனால் எல்லோரும் அப்படிப் போய்விடவில்லை. காப்பித் தோட்டம் போட வந்தவர்கள், ரெயில் ஓட்ட வந்தவர்கள், பட்டாளத்தில் வந்தவர்கள் என்று பலர் இங்கேயே தங்கினார்கள். பலர் நம் நாட்டுப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளை பிறந்தது, பேரன் பிறந்தான். அந்தப் பேரன் லண்டனைப் படத்தில்தான் பார்த்திருப்பான். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது, அந்தப் பேரன் எந்த நாட்டைச் சேர்ந்தவன்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட ஒருவர் இருந்தார். அவர் நம் மலைக்காரர் அல்ல, ஜபல்பூர்க்காரர். பெயர் பிராங்க் அந்தோணி.

இரண்டு பக்கமும் இடி

ஆங்கிலோ-இந்தியர் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியாது. சட்டைக்காரர் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும். பெரம்பூர், போத்தனூர், பொன்மலை, ஜோலார்பேட்டை ஆகிய ரெயில்வே ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு அவர்களை நன்றாகத் தெரியும். என்ஜின் டிரைவர், கார்டு, தந்தி ஆபீஸ், சுங்க இலாகா, ஆஸ்பத்திரியில் நர்சு, பள்ளிக்கூடத்தில் டீச்சர் அம்மா என்று அவர்கள் பார்க்காத வேலை இல்லை.

அவர்களுடைய நிலை மத்தளத்தின் நிலைதான். 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. தாயோ தகப்பனோ இந்தியராக இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கம்பெனியின் சிவில் உத்தியோகமும் கிடையாது, ராணுவ உத்தியோகமும் கிடையாது என்பது அந்த உத்தரவு. தகப்பனாரின் கம்பெனியே பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டது. பிறகு ரெயிலும் தந்தியும் வந்தன. நம்பிக்கையான ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்போது அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். உயர்ந்த பதவிகள் மட்டும் லண்டனிலிருந்து வந்தவர்களுக்குத்தான்.

வெள்ளைக்காரன் தன் கிளப்பில் இவர்களைச் சேர்க்கமாட்டான். நம்மவர்களோ, இவர்களை வெள்ளைக்காரனின் ஆள் என்பார்கள். இவர்களிலும் பலர் இங்கிலாந்தைத் தாய்நாடு என்றே பேசி வந்தார்கள். போகாத ஊருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஜபல்பூர் பையன்

பிராங்க் அந்தோணி 1908-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி ஜபல்பூரில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆங்கிலத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவர் நினைத்திருந்தால் அங்கேயே இருந்திருக்கலாம். வந்துவிட்டார்.

அந்நாளில் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் கண் டாக்டரான சர் ஹென்றி கிட்னி. 1942-ல் அவர் காலமானார். அந்த இடத்துக்கு அந்தோணி வந்தார். அப்போது அவருக்கு வயது 33.

1942 எப்படிப்பட்ட ஆண்டு என்று நமக்குத் தெரியும். வெள்ளையனே வெளியேறு என்று நாடு முழங்கிய ஆண்டு அது. அந்த வருஷத்தில் தலைவராக வந்தவர் தம் மக்களிடம் ஒரு கசப்பான விஷயத்தைச் சொன்னார். நாம் ஆங்கிலோ-இந்தியர் என்பது நம் சமூகத்தின் பெயர், அதை விடவேண்டாம், ஆனால் நம் தேசம் இந்தியா, நாம் இந்தியர்கள். இதுதான் அவர் சொன்னதன் சாரம். இங்கிலாந்து நம்மைக் காப்பாற்றும் என்று காத்திருந்தால் நடுத்தெருவில்தான் நிற்போம் என்பதும் அவர் கட்சி.

இது பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது நடந்தது. 1946-ல் லண்டனிலிருந்து மூன்று மந்திரிகள் வந்தார்கள். சுதந்திர இந்தியாவின் சட்டத்தை யார் எழுதுவது, எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் என்று திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டத்தில் ஆங்கிலோ-இந்தியர்களுக்கென்று ஓர் இடம்கூட ஒதுக்கவில்லை. ரெயிலை ஓட்டியவர்களையும், இரண்டு உலக யுத்தங்களில் சண்டை போட்டவர்களையும் பிரிட்டிஷ் சர்க்கார் மறந்தே போயிற்று.

அந்தோணி இதை மறக்கவே இல்லை. 23 ஆண்டுகள் கழித்து, 1969-ல், தம் சமூகத்தின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதினார். பிரிட்டன் இந்தியாவில் செய்த துரோகம் என்பதுதான் அதன் தலைப்பு.

பட்டேலின் மேஜையில்

லண்டன் கைவிட்டதும் அவர் டெல்லியின் கதவைத் தட்டினார். காந்திஜி, பண்டித நேரு, சர்தார் பட்டேல் ஆகியோரிடம் தம் சமூகத்துக்காகப் பேசினார். பலன் கிடைத்தது. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-ந் தேதி முதன் முதலாகக் கூடியபோது, தற்காலிகத் தலைவராக இருந்தவர் முதியவரான சச்சிதானந்த சின்ஹா. அவருக்குத் துணைத் தலைவராக உட்கார்ந்தவர் பிராங்க் அந்தோணி! நாட்டின் மிகச் சிறிய சமூகங்களில் ஒன்றைச் சேர்ந்தவருக்கு அந்த நாற்காலி கிடைத்தது. அதே 1946-ல் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக் குழுவிலும் அவர் இருந்தார்.

சிறுபான்மையோர் உரிமைகளைப் பற்றி யோசனை சொல்ல ஒரு கமிட்டி அமைத்தார்கள். அதற்குத் தலைவர் பட்டேல். அந்தக் கமிட்டியில் ஆங்கிலோ-இந்தியர் சார்பில் அந்தோணியும் இருந்தார், இன்னொருவரும் இருந்தார். அந்த இன்னொருவர்தான் நம் நீலகிரிக்காரர்.

அவர் பெயர் ஸ்டான்லி ஹென்றி பிரேட்டர். 1890-ல் நீலகிரியில் பிறந்தவர். தகப்பனார் காப்பித் தோட்டத் துரை. சிறு பையனாக இருந்தபோதே பம்பாய்க்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அங்கே இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதன் காட்சிசாலை அதிகாரியாக உயர்ந்தார். இந்திய மிருகங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1948-ல் வெளிவந்தது. யானை, புலி, நம் மலையின் வரையாடு எல்லாம் அதில் உண்டு. காட்டைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள்.

அந்தோணியும் பிரேட்டரும் சேர்ந்திருந்த சபை எழுதிய சட்டத்தில் ஆங்கிலோ-இந்தியருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

பாராளுமன்ற லோக்சபையில் இரண்டு பேரை ஜனாதிபதி நியமிக்கலாம். மாகாணச் சட்டசபைகளில் கவர்னர் நியமிக்கலாம். ரெயில்வே, சுங்கம், தபால்-தந்தி வேலைகளில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பழையபடியே இடம் உண்டு. அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நூற்றுக்குப் பத்து வீதம் குறையும். பத்தாண்டு முடிந்தால் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூட மானியமும் அதே மாதிரிதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்துச் சதவீதம் குறைந்து, பத்தாவது ஆண்டில் நின்றுவிடும். அதோடு ஒரு நிபந்தனை: மானியம் வாங்கும் பள்ளிக்கூடம் ஆண்டுதோறும் நூற்றுக்கு 40 இடங்களை மற்றச் சமூகத்துப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும்.

நீந்தத் தெரியாதவனைப் படிப்படியாக ஆற்றில் இறக்குகிற ஏற்பாடு இது. ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இல்லை. கரையிலேயே உட்கார வைக்கவும் இல்லை.

ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதற்கும் சட்டத்தில் விளக்கம் எழுதினார்கள். 366-வது பிரிவு அது. தகப்பன் வழியில் ஐரோப்பிய வம்சமாக இருக்கவேண்டும். இந்தியாவில் பிறந்திருக்கவேண்டும். பெற்றோர் இங்கேயே நிலையாக வாழ்ந்தவர்களாக இருக்கவேண்டும். ஏதோ வேலையாகத் தற்காலிகமாக வந்தவர்களாக இருக்கக்கூடாது. அந்த விளக்கத்தின்படி, தாயும் தகப்பனும் வெள்ளையராகவே இருந்தாலும், இங்கேயே வேர் விட்டுவிட்ட குடும்பத்தின் பிள்ளை ஆங்கிலோ-இந்தியர்தான். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத் துரையின் பேரன் இங்கேயே தங்கிவிட்டால் அவனுக்கும் இதில் இடம் உண்டு. தாய் வழியில் வந்தவர்களைச் சேர்க்காமல் விட்டது மட்டும் எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

கப்பல் ஏறியவர்கள்

சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் பயம் விடவில்லை. ரெயில்வேயில் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா? இந்தி தெரியாமல் பிழைக்க முடியுமா? ஊர் நம்மை ஏற்குமா? பல்லாயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று சிதறினார்கள்.

போவதும் லேசாக இல்லை. பிரிட்டிஷ் குடிமகன் என்று நிரூபிக்க, தகப்பனோ தகப்பனுடைய தகப்பனோ எங்கே பிறந்தார் என்று காகிதம் காட்டவேண்டும். மாதா கோவில் மாதா கோவிலாக ஏறி இறங்கி, பழைய ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினார்கள். ஆஸ்திரேலியாவோ அந்நாளில் வெள்ளையருக்கே கதவு திறந்த நாடு. தோல் கொஞ்சம் கறுப்பாக இருந்தால் சந்தேகம். ஒரே வீட்டில் சிவப்பாக இருந்தவருக்குச் சுலபம், மாநிறமாக இருந்தவருக்குக் கஷ்டம்!

அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த பிரேட்டரும் சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்துக்குக் குடிபோய்விட்டார். 1960-ல் காலமானார். இந்திய மிருகங்கள் எல்லாவற்றையும் அடையாளம் சொன்னவருக்கு இந்தியாவில் முதுமையைக் கழிக்க மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஆயிரம் காரணம் இருக்கும்.

அந்தோணியின் சொந்த ஊரான ஜபல்பூரிலிருந்தும் குடும்பங்கள் போயின. ஹாக்கி ஆட்டத்தில் பேர் பெற்ற பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். 1960-ல் ரோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஆஸ்திரேலிய ஹாக்கிக் குழுவில் ஜபல்பூரில் பிறந்த எரிக் பியர்ஸ் ஆடினார். இந்தியக் குழுவின் தலைவரோ லெஸ்லி கிளாடியஸ். அவரும் ஆங்கிலோ-இந்தியர்தான், பிலாஸ்பூரில் பிறந்தவர். 1948, 1952, 1956 என்று மூன்று முறை இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்களில் ஒருவர். ஒரே சமூகம், ஒரே மாதிரி வளர்ப்பு, இரண்டு நாட்டுச் சட்டை!

பள்ளிக்கூட வழக்கு

தங்கியவர்களுக்காக அந்தோணி கோர்ட்டு ஏறினார். 1954 ஜனவரியில் பம்பாய் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் பள்ளிகள், ஆங்கிலோ-இந்தியர்களையும் ஆசியர் அல்லாதவர்களையும் தவிர வேறு பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது என்பது அது.

மேலோட்டமாகப் பார்த்தால் ஆங்கிலோ-இந்தியருக்குச் சலுகை போலத் தெரியும். உண்மையில் அது சுருக்குக் கயிறு. சின்னஞ்சிறு சமூகம், அந்தப் பிள்ளைகளை மட்டும் வைத்து எந்தப் பள்ளிக்கூடத்தை நடத்த முடியும்? அதுமட்டுமல்ல, மற்றப் பிள்ளைகளுக்கு 40 சதவீத இடம் தரவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லும்போது, தரக்கூடாது என்று ஒரு மாகாண சர்க்கார் சொல்லலாமா?

தியோலாலியில் இருந்த பார்ன்ஸ் பள்ளிக்கூடத்தின் சார்பில் வழக்குப் போட்டார்கள். அந்தோணியும் வாதாடினார். பம்பாய் ஐகோர்ட்டு உத்தரவை ரத்து செய்தது. சர்க்கார் அப்பீல் செய்தது. 1954 மே 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பீலைத் தள்ளிவிட்டது. பள்ளிகளின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருந்தது. நம் ஊர்களில் கான்வென்டுக்குப் போகிற குழந்தைகளில் எத்தனை பேருக்கு இந்த வழக்கு தெரியும்?

நேரு கொடுத்த வாக்கு

அந்தோணியின் வாழ்க்கையில் தமிழர்கள் மறக்கக்கூடாத கட்டம் ஒன்று உண்டு.

அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இந்திய மொழிகளின் பெயர்கள் இருக்கின்றன. தமிழ் உண்டு; இந்தி உண்டு. ஆங்கிலம் இல்லை. அது அந்நிய மொழி என்று விட்டுவிட்டார்கள்.

அந்தோணி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய வாதம் மிக எளிமையானது. ஆங்கிலோ-இந்தியர்கள் இந்தியர்கள் என்று சட்டமே சொல்கிறது. அவர்கள் வீட்டில் தாயிடம் பேசுகிற மொழி ஆங்கிலம். இந்தியனின் தாய்மொழி எப்படி அந்நிய மொழி ஆகும்? மனிதனை ஏற்றுக்கொண்டுவிட்டு அவன் நாக்கை மட்டும் வெளியே நிறுத்த முடியுமா?

ஆங்கிலத்தையும் அட்டவணையில் சேர்க்கவேண்டும் என்று 1959-ல் லோக்சபையில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அதன்மீது நடந்த விவாதத்தில்தான், 1959 ஆகஸ்டு 7-ந் தேதி, பிரதமர் நேரு எழுந்து புகழ்பெற்ற உறுதிமொழியைக் கொடுத்தார். இந்தி பேசாத மக்கள் விரும்புகிற வரையில் ஆங்கிலம் துணை மொழியாக இருக்கும்; அதை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை இந்தி பேசாத மக்களுடையது. இதுதான் அந்த உறுதிமொழி.

1965-ல் தமிழ்நாடு கொந்தளித்தபோது மாணவர்கள் எடுத்துக் காட்டியது இந்த வாக்கைத்தான். 1967-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வாக்குக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது. நேரு வாக்குக் கொடுத்தார் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்த வாக்கு பிறக்கக் காரணமாக இருந்த தீர்மானம் யாருடையது என்று கேட்டால் விழிக்கிறோம். இந்தி பேசும் ஜபல்பூரில் பிறந்த ஒரு சட்டைக்காரருடையது அது!

அவர் கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. எட்டாவது அட்டவணையில் இப்போது 22 மொழிகள் இருக்கின்றன. ஆங்கிலம் இன்றும் அதில் இல்லை.

51 ஆண்டு

1965 யுத்தத்தில் லட்சுமணபுரியில் பிறந்த கீலர் சகோதரர்கள், டிரெவரும் டென்சிலும், விமானப் படையில் போராடி ஆளுக்கொரு வீர சக்கரம் வாங்கினார்கள். எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியை அதன் பிறகு கேட்கிற துணிச்சல் பலருக்கு வரவில்லை.

அந்தோணி டெல்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் பள்ளிக்கூடங்கள் எழுப்பினார். அவை அவர் பெயரிலேயே நடக்கின்றன. ஐ.சி.எஸ்.இ. பரீட்சை நடத்தும் கவுன்சிலுக்கு முதல் தலைவரும் அவரே. 1977-ல் பதவி இழந்த இந்திரா காந்திக்கு வக்கீலாக நின்றவர்களில் அவரும் ஒருவர். அதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு.

வேறு குறையும் சொல்லலாம். 1942-ல் உட்கார்ந்த தலைவர் நாற்காலியில் கடைசி மூச்சுவரை, 51 ஆண்டு, அவரே இருந்தார். இளைஞர்களுக்கு வழி விட்டிருக்கலாம். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக லோக்சபையிலும் அவரே நியமன உறுப்பினர். யாரிடமும் ஓட்டுக் கேட்டுப் போகவேண்டியதில்லாத பதவி அது. அதனால்தான் அச்சமில்லாமல் பேசினார் என்பாரும் உண்டு. அதனால்தான் எப்போதும் ஆளும் கட்சியின் தயவை எதிர்பார்த்தார் என்பாரும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1993 டிசம்பர் 3-ந் தேதி பிராங்க் அந்தோணி காலமானார். வயது 85. அன்றும் அவர் பாராளுமன்ற உறுப்பினர்தான்.

பட்டேலிடம் பேசி அவர் வாங்கிய அந்த இரண்டு நாற்காலிகள் பத்தாண்டுக்கு என்றுதான் முதலில் ஏற்பட்டன. பத்துப் பத்து ஆண்டாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். 2020 ஜனவரி 25-ந் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். 545 பேர் கொண்டிருந்த லோக்சபை 543 ஆயிற்று. சட்டசபை நியமனமும் போயிற்று.

காரணம் சொன்ன மந்திரி, 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நாடு முழுவதிலும் ஆங்கிலோ-இந்தியர்கள் 296 பேர்தான் என்றார். சமூகத்தினர் கொதித்துப் போனார்கள். பெரம்பூரிலும் போத்தனூரிலும் கிறிஸ்துமஸ் இரவில் மாதா கோவில் வாசலில் நின்று பார்த்தவர்கள் யாரும் அந்தக் கணக்கை நம்பமாட்டார்கள்.